மணி அடிக்காத ஞாயிறு

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த காலை, சென்றாயம்பட்டி அரசு மேல்நிலைப் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்பு ஆ பிரிவில் அன்பரசியின் பெயர் கூப்பிடப்பட்டபோது, வகுப்பு மொத்தமும் ஒரே குரலாக "உள்ளேன் ஐயா" என்றது. சத்தம் அடங்கியபோது அவள் சன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் அவள் இருந்திருக்க வேண்டிய இடம் மொரப்பூர்ப் பக்கத்தில் அவளுடைய தாய்மாமன் வீடு. விடுமுறையிலேயே அவளை அங்கே கூட்டிப்போய்விட்டார்கள், தை மாசியில் அந்த மாமனுக்கே கட்டிக்கொடுப்பதற்கு. மடியில் முறம் இருந்தது. முறத்தில் பாதி உரித்த மொச்சைக்காய். பெயர் கூப்பிட்ட தமிழாசிரியர் முனிராஜ் அவளைப் பார்த்தார், வந்திருக்கிறாள் என்று குறித்தார், அடுத்த பெயரைக் கூப்பிட்டார். முந்தின ஆடியில் அவர் மனைவி நிர்மலாதேவி ஒரு வாரக் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகவில்லை. நடக்கக்கூடாத ஒன்று நடக்கும் என்பது அவருக்குத் தெரிந்த விஷயமாகிவிட்டிருந்தது. இது இரண்டாவது.

அந்தப் பள்ளியில் ஒவ்வொரு வருஷத்துப் பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஒரு பெயர் நிற்கும். தேர்வுக்கு முந்தின மாதம் எல்லோருக்கும் ஒரே கனவு வந்து, கனவில் வந்த கேள்விகளை மட்டும் படித்துப் பாதிப் பேர் தேறாமல் போனது ஒரு வருஷம். அவர்களுக்குக் கனவு செட் என்று பெயர். இந்த வருஷத்து ஆ பிரிவுக்குப் பங்காளி செட் என்று பெயர் வைத்தவர் இயற்பியல் ஆசிரியர், எரிச்சலில். ஒருவனை வெளியே முட்டி போடச் சொன்னால் மற்றவர்களும் எழுந்து போய் வரிசையாக முட்டி போடுவார்கள். மதியம் டப்பாக்களை நடுவில் வைத்துத் திறப்பார்கள், யாருடையது எது என்பது கழுவும்போதுதான் தெரியும். அரையாண்டுத் தேர்வில் கதிரவனுக்கு ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி தெரியவில்லை என்பதற்காக அந்தக் கேள்வியை வகுப்பே விட்டுவிட்டு வந்தது. தனியாக ஒருவன் தோற்பது அவர்களுக்குப் பெரிய அசிங்கம். சேர்ந்து தோற்பதைப் பற்றி அவர்களுக்குக் கருத்தே கிடையாது. காரிமங்கலம் சந்தைக்குத் தக்காளி ஏற்றப் போய்விட்ட பையன்களுக்காகப் பெயருக்குக் குரல் கொடுப்பது அருள்குமாரின் வேலை. அவனுக்கு எல்லோருடைய தொண்டையும் வரும். மற்ற ஆசிரியர்களுக்கு "எஸ் சார்", "எஸ் மிஸ்". முனிராஜுக்கு மட்டும் "உள்ளேன் ஐயா". தமிழய்யா வகுப்பில் அதுதான் வழக்கம் என்று அவர் சேர்ந்த புதிதில் சொல்லிவைத்தது.

அன்று காலையும் அன்பரசிக்கு அருள்குமார்தான் பெண்குரலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவளை எதற்காகக் கூட்டிப்போனார்கள் என்பது விடுமுறையிலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இதைக் கேலிக்குரலில் சொல்லக்கூடாது, நான் என் குரலில் சொல்கிறேன் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு செய்திருந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கூடிப் பேசாமல் எதையும் செய்யாத வகுப்பு அந்த ஒன்றைக் கூடிப் பேசாமல் செய்தது. எல்லோரும் ஒன்றாகக் கத்தித் தாங்களே காட்டிக்கொடுத்துவிட்டார்களே, மானம் போயிற்று என்று வகுப்புத் தலைவி வஹிதா தலையில் கைவைத்தபோதுதான் சன்னலோரம் மொச்சைக்காய் வாசனை வந்தது.

மறுநாள், மகளோடு தம்பி வீட்டில் தங்கியிருந்த அன்பரசியின் அம்மா மாதம்மாள் மொரப்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். வகுப்பு வாசலில் நின்று மகளைப் பார்த்தாள்.

"ஏண்டி, அந்த மொறம் பக்கத்தூட்டுதுடி. நேத்துலேர்ந்து அவ என்னைய நிக்க வெச்சிக் கேக்கறா."

"பீரோ மேல இருக்கும்மா. எடுத்துக்க."

முறத்தை வாங்கிக்கொண்டு மாதம்மாள் கடைசி மணி வரை புங்கமரத்தடியில் காத்திருந்தாள், மகளைக் கையோடு கூட்டிப்போகலாமென்று. மணி அடித்ததும் மகள் பெஞ்சில் இல்லை. மொரப்பூரில் அடுப்படியில் இருந்தாள். மாதம்மாள் மறுபடி இரண்டு பஸ் மாறிப் போனாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. மாமன் வீட்டிலும் பழகிவிட்டது. காலையில் பெயர் கூப்பிடும் நேரத்தில் பெண் போய்விடும், கடைசி மணிக்குத் திரும்பிவிடும், நடுவில் செய்யவேண்டியதை முன்னால் செய்துவைத்துவிட வேண்டும். கையில் இருப்பது கூடவே போகும் என்று தெரிந்ததும் அன்பரசி அந்த நேரத்துக்குப் பையை மாட்டி டப்பாவைக் கையில் பிடித்து நிற்கக் கற்றுக்கொண்டாள். நேரம் தவறிய ஒரு நாள் வெள்ளாட்டுக் குட்டியோடு வந்துவிட்டாள். அது அன்று முழுவதும் கொடிக்கம்பத்தில் கட்டிக் கிடந்தது. ஒரு நாள் முனிராஜ் வருவதற்கு முன் மற்ற ஆசிரியர்கள் கூப்பிட்டு, வகுப்பை "எஸ்" சொல்லவைத்துப் பார்த்தார்கள். அதற்கு அவள் வரவில்லை.

காய்ச்சலில் நான்கைந்து பேர் வராத ஒரு நாளில்தான் அதன் கணக்கு விளங்கியது. அன்று அன்பரசி வந்தாள், ஆனால் பேனா அவள் விரல்களுக்கு இடையில் நிற்காமல் நழுவி விழுந்தது. முதுகுக்குப் பின்னால் இருந்த சன்னல் கம்பிகள் அவள் வழியாகத் தெரிந்தன. அதிலிருந்து யாரும் விடுப்பு எடுக்கவில்லை. சந்தைக்குப் போவது நின்றது. அம்மை போட்ட பையன் வேப்பிலையோடு வந்து தனியாக வராந்தாவில் உட்கார்ந்து அங்கிருந்தே சொன்னான். சளி பிடித்துத் தொண்டை கட்டிவிடுமோ என்று பயந்து ஐஸ் தின்பதை விட்டார்கள். காலை முதல் மணிக்கும் அவள் பெயருக்கும் இடையில் அந்த வகுப்பில் யாரும் மூச்சை முழுதாக விட்டதில்லை. முனிராஜுக்கும் அப்படித்தான். பஸ்ஸில் வரும்போதே எச்சில் விழுங்கிப் பார்ப்பார். நாள் முழுவதும் அவர் வாய்விட்டுச் சத்தமாகச் சொல்வது அந்தப் பெயர்கள் மட்டும்தான். தலைமையாசிரியர் அர்ச்சுனன் மே மாதம் ஓய்வு பெறுகிறவர். சத்தமில்லாமல் போய்ச்சேர வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் பார்த்தது நூறு சதவீத வருகையை. மாவட்டக் கூட்டத்தில் அதற்காக அவருக்குக் கைதட்டினார்கள்.

வஹிதா சும்மா இருக்கவில்லை. அப்பாவின் தையல் கடைப் போனிலிருந்து குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசினாள். ஜீப்பில் அதிகாரிகள் மொரப்பூருக்குப் போனார்கள், காலை பதினொரு மணிக்கு. பெண் எங்கே என்று கேட்டார்கள். பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்று வீட்டார் உண்மையைச் சொன்னார்கள். பள்ளிக்குப் போன் போட்டு விசாரித்தார்கள். ஒரு நாள் விடாமல் வருகிறாள் என்று அர்ச்சுனன் பெருமையோடு சொன்னார். படிப்பு தொடர்கிறது, புகாரில் உண்மையில்லை என்று எழுதிக்கொண்டு அவர்கள் மோர் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததே அவளுக்குக் குழியும் பறித்தது. இதை வஹிதாதான் வகுப்பில் சொன்னாள்.

தை கடைசியில் ஒரு நாள் பெயர்கள் முடிந்த பிறகு அருள்குமார் எழுந்து நின்றான். முதல்முறையாகத் தன் சொந்தக் குரலில் தயங்கினான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க சார். மேடம் பேரையும் சேத்துக் கூப்புடுங்க. நாங்க சொல்றோம்."

முனிராஜ் அதைத் தனியாகச் செய்து பார்த்திருந்தார். வீட்டில், சாப்பாட்டு நேரத்தில். பெயரைக் கூப்பிட்டு, பதிலையும் தானே சொல்லி, காத்திருந்து, பிறகு தட்டைக் கழுவி வைத்திருந்தார். ஒருவர் குரலுக்கு அது நடக்கவில்லை. இங்கே வகுப்பே நிற்கிறது. அவர் கரும்பலகையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"சாயந்தரம் மணி அடிக்கும்டா," என்றார்.

அருள்குமார் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கல்யாணத்தை நிறுத்தி வைத்திருந்தது மாமன் வீட்டார் அல்ல, முகூர்த்த நேரம்தான். நல்ல நேரமெல்லாம் பகலில் விழுந்தது, பகலில் பெண் இருப்பதில்லை. விடியற்காலை முகூர்த்தம் மாப்பிள்ளையான மாமன் கோவிந்தனின் ராசிக்கு ஆகாது என்று சோசியர் சொல்லிவிட்டார். அன்பரசியின் அப்பா மாது விடுகிற ஆள் இல்லை. அவருடைய அண்ணன் மகள் போன வருஷம் கல்லூரி பஸ்ஸில் ஏறிப்போனவள் ஓசூரில் யாரையோ கட்டிக்கொண்டாள். அதிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. மகள் பஸ்ஸே ஏறாமல் பள்ளிக்குப் போவது அவர் பயத்தை இன்னும் கூட்டியது. காலண்டரை நாட்கணக்காகப் பார்த்து அவர்தான் வழி கண்டுபிடித்தார். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள், மொரப்பூர் தாண்டி ஒரு முருகன் கோயில். ஞாயிற்றுக்கிழமை எவன் பேரு கூப்புடுவான் என்று பங்காளிகளிடம் சொல்லிச் சிரித்தாராம். வெள்ளிக்கிழமை வகுப்பில் அன்பரசி இதைச் சொன்னாள். அழவில்லை. ஹால் டிக்கெட் வந்தால் வஹிதாவையே வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

வஹிதா ஆசிரியர் அறைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வைக்கச் சொன்னாள். முனிராஜ் தலைமையாசிரியரிடம் போனார். விடுமுறையில் சிறப்பு வகுப்பு கூடாது என்று சுற்றறிக்கை இருக்கிறது, சாவி தரமாட்டேன் என்றார் அர்ச்சுனன். "எனக்கு இன்னும் மூணு மாசம்தான் இருக்கு முனிராஜ்," என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். சனிக்கிழமை காலை முனிராஜின் வீட்டு வாசலுக்கு மாது வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"வாத்தியாரே, உங்க மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லீங்க. நாளைக்கி மட்டும் பேரு கூப்புட வேணாங்க. உங்க வூட்ல ஒரு பொம்பளப் புள்ள இருந்திருந்தா என் பயம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

முனிராஜ் உள்ளே போனார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மாது குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பி நீட்டினார், ஆனால் கையை எடுக்கவில்லை. பயந்தவர்கள் இரண்டு பேர் ஒரு சொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் சென்றாயம்பட்டிக்குள் வராது. முனிராஜ் கூட்டுரோட்டில் இறங்கி நடந்தார். பள்ளிக் கேட்டில் பூட்டு தொங்கியது. சுற்றுச்சுவருக்கு வெளியே புறம்போக்குத் தரையில், வஹிதா சொல்லியனுப்பியபடி, பாதிப் பேர் பெஞ்சு வரிசைப்படியே உட்கார்ந்திருந்தார்கள், அன்பரசியின் இடத்தை விட்டு. ஒன்பதரை ஆகியிருந்தது. மற்றவர்களுக்காகக் காத்திருக்க முடியாது. அவர் பெயரைக் கூப்பிட்டார். பாதி வகுப்பு "உள்ளேன் ஐயா" என்றது. காலி இடத்திலிருந்து சாமந்தி வாசனை வந்தது. அவ்வளவுதான். கதிரவன் மொபெட்டில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வந்தான். ஷேர் ஆட்டோவில் ஒரு கூட்டம் வந்தது. மறுபடி கூப்பிட்டார். புழுதியில் ஒருவர் உட்கார்ந்த அச்சு விழுந்தது, வளையல் சத்தம் கேட்டது. அருள்குமார் குறுக்கு வழியில் சோளக்காட்டுக்குள் ஓடிவந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டு தன் இடத்தில் விழுந்தான். வகுப்பு நிறைந்தது. மூன்றாம் முறை கூப்பிட்டார்.

அவள் தெரிந்தாள். அரக்குப் பட்டு, கழுத்தில் மாலை. ஆனால் அவள் வழியாகச் சுவர் தெரிந்தது. வாய் அசைந்தது, சொல் வந்துசேரவில்லை. அவளுக்குள்ளிருந்து நாதஸ்வரம் கேட்டது, தொலைவில் கிணற்றுக்குள் வாசிப்பதுபோல. பிறகு தவில் வேகம் பிடிப்பது கேட்டது. கெட்டிமேளத்துக்கு முன்னால் தவில் அப்படித்தான் வேகம் பிடிக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"எல்லாரும் சொல்லிட்டோம் சார்," என்றாள் வஹிதா. "நீங்கதான் சொல்லல."

"நான் கூப்புடறவன்மா."

"இன்னிக்கி ஸ்கூல் இல்லீங்க சார். கேட்டு பூட்டியிருக்கு. நீங்களும் எங்களாட்டம் வெளிய நிக்கறீங்க. இன்னிக்கி நீங்களும் கிளாஸ்தான்."

உள்ளேன் என்பது தன்மை ஒருமைக் குறிப்பு வினைமுற்று, காலத்தை வெளிப்படையாகக் காட்டாது என்று அவர் வருஷா வருஷம் நடத்துகிறார். முந்தின ஆடிக்குப் பிறகு தன்னைப் பற்றி அந்த வினையைச் சொல்ல அவருக்கு அவசியம் வந்ததில்லை. யாரும் கேட்டதுமில்லை. அவர் பிள்ளைகளோடு புழுதியில் உட்கார்ந்தார். அன்பரசி என்று கூப்பிட்டார். வகுப்பு சொன்னது. அவர் வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போயிற்று. அருள்குமார் எட்டி அவர் முழங்கையைப் பிடித்தான்.

"உள்ளேன்," என்றார் முனிராஜ். குரல் உடைந்து, துருப்பிடித்த கதவுபோல வந்தது.

அன்பரசி முழு எடையோடு புழுதியில் விழுந்தாள். முட்டி சிராய்த்து ரத்தம் வந்தது. கையில் வெற்றிலையும் தேங்காயும் அப்படியே இருந்தன. மேளச் சத்தம் நின்றது. நின்றது இங்கேதான். முருகன் கோயிலில் கோவிந்தன் மஞ்சள் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலி மணைக்கு முன்னால் குனிந்து நின்றான், யாரும் நிறுத்தச் சொல்லாததால் மேளக்காரர்கள் கை ஓயும் வரை கெட்டிமேளம் வாசித்தார்கள் என்று பிறகு தெரியவந்தது.

உச்சிப்பொழுது தாண்டி வேன் வந்தது. மாது முன்னால் இறங்கினார். கோவிந்தன் பட்டு வேட்டியோடு கடைசியாக இறங்கினான். முப்பது வயதிருக்கும், ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"மணிய அடிங்க வாத்தியாரே," என்றார் மாது.

"ஞாயித்துக்கெழமைங்க. மணி அடிக்க ஆள் கெடையாது."

மாது ஒரு கருங்கல்லை எடுத்துக்கொண்டு சுற்றுச்சுவரில் ஏறினார். உள்ளே வராந்தாவில் தண்டவாளத் துண்டு தொங்குவது சுவர் மேலிருந்து தெரியும். வஹிதா கண்ணை மூடிக்கொண்டாள். முனிராஜ் எழுந்து நின்றார், என்ன செய்வதென்று தெரியாமல்.

"அடிச்சுக்கப்பா," என்றாள் அன்பரசி, உட்கார்ந்த இடத்திலிருந்து. "நாளைக்கித் திங்கக்கெழம. பேரு கூப்புடுவாங்க. நான் வந்துருவேன்."

மாதுவின் ஒரு கால் சுவரின் அந்தப் பக்கம் இருந்தது.

"மாமா, எறங்குங்க," என்றான் கோவிந்தன். "நீங்க மணி அடிச்சா அவ கோயிலுக்குத்தான் போயி நிப்பா. நான் இங்க இருக்கேன். அங்க யாரு தாலி கட்டறது, பூசாரியா?"

முதலில் சிரித்தது வேன் டிரைவர். பிறகு கதிரவன் சிரித்தான், அடக்க முடியாமல். கோவிந்தன் சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசி வரிசைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தான். தான் பத்தாவதோடு நின்றவன் என்று பக்கத்துப் பையனிடம் சொன்னான். பரிச்ச எழுதட்டும் வுடுங்க மாமா, என்னைய யாருமே கேக்கல, எனக்கும் இதுல இஷ்டம் இல்ல என்றான். அதைச் சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆனது. மாது சுவர் மேலேயே உட்கார்ந்திருந்தார். வெயில் சாய்ந்தது. கல் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. இறங்கும்போது அவருக்கு அருள்குமாரும் கோவிந்தனும் கைகொடுத்தார்கள். மகளிடம் அவர் ஒன்றுதான் கேட்டார், முட்டியில் என்ன என்று.

அன்று முனிராஜ் வகுப்பை முடிக்கவில்லை. முடிந்தது என்று சொன்னால் அவள் கோயிலில் போய் நிற்பாள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஆகவே வகுப்பு விடாமலே அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அன்பரசி அப்பாவோடு வேனில் போனாள். மறுநாள் தன் பையை மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பொதுத்தேர்வு வந்தது, எழுதினார்கள். கதிரவன் கணக்கில் போனான். அவன் துணைத்தேர்வு எழுதித் தேறும் வரை மற்றவர்கள் யாரும் இனிப்பு கொடுக்கவில்லை. அர்ச்சுனன் சால்வையோடு ஓய்வு பெற்றார். வஹிதா தருமபுரியில் கல்லூரிக்குப் போகிறாள். அருள்குமார் தக்காளி மண்டியில் ஏலம் கூவுகிறான். அன்பரசி சேலத்தில் செவிலியர் படிப்பில் இரண்டாம் வருஷம். கோவிந்தன் ஓசூரிலேயே கூட வேலை செய்த பெண்ணைக் கட்டிக்கொண்டான், பங்காளி செட் ஒரே வேனில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தது. எல்லோருக்கும் மாற்றுச் சான்றிதழ் கொடுத்தாயிற்று. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இன்றுவரை விடவில்லை.

வகுப்பு விடாததால் சுவருக்கு வெளியே அந்தத் துண்டுத் தரையில் மட்டும் அன்றைய முற்பகல் அப்படியே நிற்கிறது. ஒரு களம் அளவுக்கு மாசி மாத வெயில், இரவு பகலாக. ஊர்க்காரர்கள் முதலில் சுற்றிக்கொண்டு போனார்கள், பிறகு குறுக்கே நடந்தார்கள். பஞ்சாயத்தில் அந்த மூலைக்கு வாங்கிய தெருவிளக்கைக் கோயில் பக்கம் மாற்றிக்கொண்டார்கள். பெண்கள் புளி, மிளகாய், வடகம் காயவைக்க முறை போட்டுக்கொண்டார்கள். போன கார்த்திகையில் விடாமல் மழை பெய்து, அறுத்த கேழ்வரகு வீட்டுக்கு வீடு முளைவிட்டபோது, முறைப்படி அந்த வாரம் மாதம்மாளுடையது. அவளுடைய கேழ்வரகு மட்டும் நன்றாகக் காய்ந்தது. மழையில் நனைந்துகொண்டே வந்த முனிராஜ் வெயிலுக்குள் நுழைந்து குடையை மடக்கினார். சட்டையைப் பிழிந்து சுவரில் போட்டுவிட்டு, மாதம்மாள் சாப்பிட்டுவிட்டு வரும் வரை கோழி கொத்தாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.